கான்கிரீட் வீடும் கட்டட அனுமதியும்: சித்தூர், திருப்பதி தரும் படிப்பினை

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் பெருமழை பெய்தது. அப்போது அம்மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பதி நகரின் தெருக்களில் வெள்ளம் புரண்டோடியது. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் நின்ற வீடு ஒன்று அடிமண் அரிக்கப்பட்டு ஆற்றில் சரிந்தது. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதால், கீழ்ப்புறக் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மழை ஓய்ந்த சில நாட்களில் திருப்பதி நகரில் மற்றொரு விந்தையும் நிகழ்ந்தது. ஒரு வீட்டில் சிமெண்டு உறைகளை அடுக்கி அமைத்திருந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, அத்தொட்டி மண்ணிலிருந்து கிளம்பித் தரைக்கு மேலே உயர்ந்து நின்றது.

இயற்பியல் பயிலும் மாணவர்க்கு இதில் வியப்பில்லை. நீர் நிறைந்த மண்ணில் காலியான தொட்டி ஒரு படகுக்கு ஒப்பாகும். ஆயினும், வீடு கட்ட விரும்பும் எவரும் இந்நிகழ்ச்சிகளிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கட்டடத்தின் பாதுகாப்பு, கண்ணுக்குத் தெரியும் சுவரிலும் வண்ணத்திலும் இல்லை. மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைந்திருப்பவற்றில்தான் இருக்கிறது. அவை மறைவதற்கு முன்பே அவற்றைக் கேள்விக்கு உட்படுத்தும் ஏற்பாடுதான் கட்டட அனுமதி.

சட்டத்தின் வரலாறு

1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. எனவே, சென்னையில் 1920இல் இயற்றப்பட்ட நகரமைப்புச் சட்டம் இம்மாவட்டத்துக்கும் பொருந்தியது. ஆந்திரம் பிரிந்த பின்னும் அச்சட்டம் அங்கு தொடர்ந்தது. நகரங்கள் தம் எல்லையைத் தாண்டி வளர்ந்ததால், 1975இல் நகர்ப்புற வளர்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1981இல் திருப்பதி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. பிற்காலத்தில் சித்தூருக்கும் அத்தகைய குழுமம் ஏற்பட்டது. திருப்பதி 2007இலும், சித்தூர் 2012இலும் மாநகராட்சிகளாயின. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாக விளங்குகிறது.

இன்று இவ்விரு நகரங்களிலும் கட்டடப் பணிகளுக்கு அடிப்படையாக இருப்பவை 2017ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசக் கட்டட விதிகளும் அவற்றின் திருத்தங்களுமாகும். ஊராட்சிப் பகுதிகளுக்கென 2002இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆதலால், தமது மனை மாநகராட்சிக்குள் உள்ளதா, வளர்ச்சிக் குழுமப் பகுதியில் உள்ளதா, ஊராட்சியில் உள்ளதா என்பதை அறிவதே வீடு கட்டுவோரின் முதற்கடமை.

விண்ணப்பம் கேட்கும் கேள்விகள்

பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு அங்கீகாரம், உரிமம் பெற்ற தொழில்நுட்பர் கையொப்பமிட்ட வரைபடம் ஆகியவை விண்ணப்பத்துடன் இணைக்கப்பட வேண்டும். இவை இப்போது கணினி வழியே ஏற்கப்படுகின்றன. சாலையின் அகலம், மனையின் பரப்பு, கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து நாற்புறமும் விட வேண்டிய திறந்தவெளி கணக்கிடப்படுகிறது. 18 மீட்டரும் அதற்கு மேலும் உயரும் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் இசைவு தேவை. ரேணிகுண்டா விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் உயரக் கட்டுப்பாடும் உண்டு. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்பட்டாலோ, விற்பனைக்கான திட்டத்தை 2016ஆம் ஆண்டின் நிலமனைச் சட்டப்படி பதிவு செய்வதும் கட்டாயமாகும்.

நீரின் வழி

இவ்வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். பொன்முகலி எனத் தமிழில் வழங்கும் சுவர்ணமுகி திருப்பதியை ஒட்டி ஓடுகிறது. சித்தூரின் நீவா ஆற்று நீர் பொன்னையாற்றின் வழியே பாலாற்றை வந்தடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இவ்வாறுகளும் ஓடைகளும், பார்ப்பவர்க்கு வெறும் நிலமாகவே தோன்றும். விலையும் மலிவாக இருக்கும். இத்தோற்றத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஆகவே, விதிகள் தூரத்தை வரையறுத்துள்ளன. நகராட்சி எல்லைக்குள் ஆற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டரும், வெளியே 100 மீட்டரும் விட வேண்டும். 10 ஹெக்டேருக்குக் குறையாத ஏரியாயின், அதன் முழுக் கொள்ளளவு நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர். அதனினும் சிறிய ஏரிக்கும் குட்டைக்கும் 9 மீட்டர். 10 மீட்டருக்கு மேல் அகலமான கால்வாய்க்கும் ஓடைக்கும் 9 மீட்டர்; குறுகியவற்றுக்கு 2 மீட்டர். இத்தூரத்தைத் தரையில் தெரியும் நீர்விளிம்பிலிருந்து அளப்பது தவறு. ஏரி நிறைந்தால் நீர் எட்டும் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். அக்கோட்டை வருவாய், நீர்ப்பாசனத் துறைகளின் ஆவணங்களிலிருந்து அறியலாம்.

கம்பியும் கலவையும்

125 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் 100 சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 31 டன் எடையுடையது. சுவர், தரையோடு, மனிதர், பொருட்கள் எல்லாம் இதற்கு மேல். ஒரு மாடிக்கு அனுமதி பெற்றுவிட்டு மூன்று மாடி எழுப்புவோர், அதே கடைக்காலின்மீது இத்தகைய சுமையை மேலும் இருமுறை ஏற்றுகின்றனர். திறந்தவெளி குறைந்தால் அண்டை வீட்டாருக்குத் தெரியும். கடைக்கால் தாங்கும் வலிமை குறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

கான்கிரீட் பணிக்கான இந்தியத் தர நிர்ணயம் 456இன் 2000ஆம் ஆண்டுத் திருத்தம், கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரமாக எம் 20ஐ விதிக்கிறது. அதாவது, 150 மில்லிமீட்டர் கனசதுரம் 28 நாட்களுக்குப் பின் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். தூணில் கம்பியை மூடும் காப்புப் பூச்சு 40 மில்லிமீட்டரும், அடித்தளத்தில் 50 மில்லிமீட்டரும் இருத்தல் வேண்டும். மிதமான சூழலில்கூட நீர், சிமெண்டின் எடையில் 0.55 பங்கை மீறலாகாது. 50 கிலோ மூட்டைக்கு இது 27 லிட்டருக்குச் சற்றே அதிகம்; மணலில் உள்ள ஈரமும் இக்கணக்கில் சேரும். எளிதில் கொட்டுவதற்காகக் கூடுதலாக ஊற்றப்படும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் வலிமையைக் கரைக்கிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாட்களும் நீராற்றுதல் அவசியம். திருப்பதியைப் போன்ற வெப்பமான ஊர்களில் இக்காலத்தை நீட்டிப்பதே நன்று.

அனுமதிக்குப் பின்

அனுமதித் தாள் கையில் கிடைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பணி முடிந்ததும் குடிபுகு சான்றிதழ் பெற வேண்டும். இச்சான்றிதழ் இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றின் முறையான இணைப்பு மறுக்கப்படலாம். அல்லது வழக்கமான கட்டணத்தைப்போல் மும்மடங்கு வசூலிக்கப்படலாம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இங்குக் கருதத்தக்கது. பணி நடைபெறும் காலம் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் அவ்விடத்தில் வைக்கப்பட வேண்டும் என்றும், குடிபுகு சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும் என்றும் அது பணித்தது.

விதிமீறல்களைத் தண்டத் தொகை பெற்று ஒழுங்குபடுத்தும் திட்டங்களை ஆந்திர அரசு 2007இன் இறுதியிலும் 2015இலும் அறிவித்தது. ஏற்கெனவே குடியிருக்கும் மக்களை வீதியில் நிறுத்த முடியாது என்ற நிலையில் இத்தகைய திட்டங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால், தண்டம் செலுத்துவதால் திறந்தவெளிக் குறை சட்டப்படி மன்னிக்கப்படலாமேயன்றி, தூணில் விடுபட்ட கம்பி மீண்டும் வந்து சேராது. ஓடையின் போக்கும் மாறிவிடாது. அரசு மன்னிக்கலாம், மண்ணும் நீரும் மன்னிப்பதில்லை.

சிறு கட்டடங்களுக்கு உரிமையாளரும் தொழில்நுட்பருமே சான்றளிக்கும் முறை விரிவடைந்து வருகிறது. இதனால் காலதாமதம் குறைகிறது. மக்களுக்கு அலைச்சலும் மிச்சமாகிறது. அதே வேளையில், முன்பு அலுவலர் கேட்ட கேள்விகளை இனி வீட்டுக்காரரே கேட்டாக வேண்டும். ஏரியின் முழு மட்டக் கோடு எங்கே உள்ளது? கடைக்கால் எத்தனை மாடிக்குக் கணக்கிடப்பட்டது? கான்கிரீட் கொட்டுமுன் கம்பியைப் பொறியாளர் பார்த்தாரா? கனசதுரச் சோதனையின் முடிவு என்ன? இந்நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்று, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைப்பது நலம். அலுவலர்கள் இவற்றை மக்களின் மொழியில், சித்தூர்ப் பகுதியில் தெலுங்கோடு தமிழிலும், விளக்கிச் சொன்னால், அனுமதி என்பது அலுவலகத்தின் தடையாகத் தோன்றாமல் குடும்பத்தின் காப்பாக விளங்கும்.