பெரிய கம்பெனிகள் ஒன்று சேர்ந்தால் சின்னக் கடைக்கு என்ன?

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை இத்தனை ஆயிரம் கோடிக்கு வாங்கியது என்று பத்திரிகையில் செய்தி வந்தால், நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் துவரம்பருப்பு விலையைத்தான் பார்ப்போம். அதில் தவறில்லை. நமக்குச் சோறு போடுவது பருப்புதான். ஆனால் தொலைபேசி, தொலைக்காட்சி, செல்போன் வழிப் பணம் ஆகிய மூன்று துறைகளிலும் நடந்த வாங்கல்களும் இணைப்புகளும் இன்று முடிச்சூர் சாலையில் இருக்கும் மளிகைக் கடையின் கல்லா வரை வந்துவிட்டன. ஆகவே இதை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. 1993-ல் கோகோ கோலா கம்பெனி, பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை வாங்கியது. தம்ஸ் அப் நிலைத்தது. கோல்ட் ஸ்பாட் நம் அலமாரியிலிருந்து மறைந்தே போனது. கேட்டு வாங்கிய வாடிக்கையாளரும் இருந்தார், விற்ற கடைக்காரரும் இருந்தார். இருவரையும் யாரும் கலந்து பேசவில்லை. கம்பெனி கை மாறும்போது எந்தச் சரக்கு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்கிறார்.

ஒன்பது நான்கான கதை

சென்னையில் 1995-ல் செல்போன் வந்தபோது இருந்த கம்பெனிகள் இரண்டு: ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார். ஸ்கைசெல்லை 2000-ல் பாரதி நிறுவனம் வாங்கியது; அதுவே ஏர்டெல் ஆனது. ஆர்.பி.ஜி. செல்லுலாரை 2003-ல் ஏர்செல் வாங்கியது. ஏர்செல் 1999-ல் நம் தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி. அதன் 74 சதவீதப் பங்கை 2006-ல் மலேசியாவின் மாக்சிஸ் வாங்கியது. ஹட்ச் 2007-ல் வோடஃபோன் ஆனது.

அந்தக் காலத்தில் இந்தக் கைமாற்றங்களால் நமக்கு நஷ்டம் இல்லை. புதுப் பெயர் வந்தால் புதுப் பலகை வந்தது. ஷட்டரில் புதுப் பெயிண்ட் வந்தது. 2010 வாக்கில் ஏர்டெல், ஏர்செல், வோடஃபோன், ஐடியா, ரிலையன்ஸ், டாடா டோகோமோ, யூனிநார், எம்.டி.எஸ்., பி.எஸ்.என்.எல். என்று ஒன்பது பெயர்கள் நம் கடை வாசலில் தொங்கின. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கம்பெனிகள் ஒன்பதாகப் பிரிந்து போட்டி போட்டபோது கொண்டாட்டம் நமக்கும் வாடிக்கையாளருக்கும்தான். விற்பனைப் பிரதிநிதி நம் கடையைத் தேடி வந்தார். பத்து ரூபாய்க்கும் ரீசார்ஜ் போட்டோம்.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜி.பி. டேட்டாவுக்குச் சுமார் 250 ரூபாய் கொடுத்த மக்களுக்கு முதல் சில மாதங்கள் எல்லாமே இலவசம். மக்களுக்கு இது பெரிய லாபம் என்பதை நாம் மறுக்க முடியாது. ஆனால் அந்த விலையில் மற்றவர்கள் தாக்குப் பிடிக்கவில்லை. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், எம்.டி.எஸ்.ஸைச் சேர்த்துக்கொண்டும் நிற்க முடியாமல் 2017 டிசம்பரில் செல்போன் பேச்சுச் சேவையை நிறுத்தியது. 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 ஜூலையில் டாடாவின் செல்போன் வாடிக்கையாளர்கள் ஏர்டெலுக்குப் போனார்கள். இன்று பலகையில் மிஞ்சியவை ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என்ற நான்கு பெயர்கள். அந்த நான்கிலும் முதல் இரண்டிடம் மட்டும் நாட்டின் செல்போன் இணைப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கிறது.

ஏர்செல் சொல்லிக் கொடுத்தது

இதில் நமக்கு மிக நெருக்கமானது ஏர்செல். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைவதாக 2016-ல் அறிவித்தது. 2017 அக்டோபரில் அந்த ஏற்பாடு முறிந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் ஏர்செல் சிக்னல் விழுந்தது. மக்கள் எண்ணை மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது.

வியாபாரி கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ரீசார்ஜ் வியாபாரத்தில் நாம் முதலில் பணம் கட்டுகிறோம்; பேலன்ஸ் வாங்குகிறோம்; பிறகு அதைச் சில்லறையாக விற்கிறோம். கமிஷன் நூற்றுக்குச் சில ரூபாய்தான். அரிசி மூட்டை வாங்கிப் போட்டால், மில் மூடினாலும் மூட்டை நம் கிடங்கில் இருக்கும். பேலன்ஸ் அப்படியல்ல. கம்பெனி நின்ற அன்றே அது வெறும் எண்.

2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, முங்கிய கம்பெனியின் சொத்தை விற்று வரும் பணத்தில் முதலில் வழக்குச் செலவு, அடுத்து அடமானம் வைத்திருக்கும் வங்கிகளும் தொழிலாளர் பாக்கியும், அதற்குப் பிறகே மற்றவர்கள். அடமானம் எதுவும் இல்லாத வியாபாரப் பாக்கிக்காரர்கள் வரிசையின் கடைசிப் பக்கம். அங்கே வரும்போது பானையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஒரு கம்பெனி தடுமாறுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலேயே பேலன்ஸைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கதவு மூடியபின் கேட்டுப் பயனில்லை.

போட்டி குறைந்ததும் விலை எந்தப் பக்கம் போனது என்பதையும் நாம் கண்டோம். 2019 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் 2024 ஜூலையிலும் கட்டணம் ஏறியது. 2024-ல் ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆனது. ஏர்டெலின் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. மூன்று கம்பெனிகளும் ஒரே வாரத்தில் ஏற்றின. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போகும் தம்பியும் அந்தக் கூடுதல் பணத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? மாத மளிகைக் கணக்கிலிருந்துதான். அந்த வகையிலும் அது நம் வியாபாரத்தைத் தொடுகிறது.

ஒரே கையில் எத்தனை கடை

அடுத்து தொலைக்காட்சி. நம் கடைகளில் மாலை நேரத்தில் ஓடும் விஜய் டி.வி.யை எடுத்துக்கொள்வோம். 1994-ல் கோல்டன் ஈகிள் என்ற பெயரில் தொடங்கிய சேனல் அது. பிறகு விஜய் மல்லையாவிடம் வந்து விஜய் ஆனது. அடுத்து யு.டி.வி., 2001-ல் ஸ்டார், 2019-ல் டிஸ்னி. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலும் ரிலையன்ஸின் தொழிலும் சேர்ந்து ஜியோஸ்டார் ஆயின. அந்தக் கூட்டு நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு 70,352 கோடி ரூபாய். ஐ.பி.எல். கிரிக்கெட்டைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை ஒருவரிடமும் செல்போனில் காட்டும் உரிமை இன்னொருவரிடமும் இருந்தது. இணைப்புக்குப் பின் இரண்டும் ஒரே கையில்.

இதற்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்? அதே குழுமம்தான் 2020-ல் கோவையின் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை வாங்கியது. அதே குழுமம்தான் 2022-ல் காம்பா கோலாவை வாங்கி, 2023-ல் மறுபடி சந்தையில் இறக்கியது. அதே குழுமத்தின் ஜியோவில் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் போட்டது. வாட்ஸ்அப் வழியாக மளிகைக் கடைகளை ஜியோமார்ட்டுடன் இணைப்பதே நோக்கம் என்று அப்போதே அறிவித்தார்கள்.

நாம் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காம்பாவை நம்மில் பலர் விற்கிறோம், லாபமும் பார்க்கிறோம். ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் உள்ள சிம், அதில் பார்க்கும் கிரிக்கெட், கிரிக்கெட் நடுவே வரும் குளிர்பான விளம்பரம், அந்தக் குளிர்பானம், அதை விற்கும் பெரிய கடை என்று எல்லாம் ஒரே குழுமத்திடம். அதே சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பவரும் நாம்தான். நாம் யாருக்கு ஏஜெண்டாக இருக்கிறோமோ அவரே நமக்குப் போட்டியாளராகவும் இருக்கிறார். பழைய காலத்தில் எந்த மொத்த வியாபாரியும் தன் சில்லறைக் கடைக்காரருக்கு எதிரிலேயே கடை போட மாட்டார். அந்த நியாயம் இந்த அளவில் எடுபடாது.

கியூ.ஆர். அட்டையும் அப்படித்தான். ஃபோன்பேயை 2016-ல் ஃபிளிப்கார்ட் வாங்கியது. ஃபிளிப்கார்ட்டின் சுமார் 77 சதவீதத்தை 2018-ல் அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-ல் ஃபோன்பே தனியாகப் பிரிந்தாலும் பெரும்பங்கு வால்மார்ட்டிடமே இருந்தது. யு.பி.ஐ. பரிமாற்றங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டின் வழியாகவே நடந்துவந்திருக்கிறது. எந்த ஒரு செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் விதி போட்டது. அவகாசத்தை 2024-ல் மறுபடியும் நீட்டி, 2026 கடைசி வரை கொடுத்தது. இன்று கியூ.ஆருக்கு நம்மிடம் கட்டணம் இல்லை. நாளை எப்படி என்பதை இரண்டு கம்பெனிகள் மட்டும் முடிவு செய்யும் நிலை வரக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

ஒன்று, ரீசார்ஜ் பேலன்ஸை இரண்டு நாள் விற்பனைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கூடுதல் கமிஷன் தருகிறேன் என்று மொத்தமாகக் கட்டச் சொன்னால், அந்தக் கூடுதல் எவ்வளவு, முதல் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்.

இரண்டு, கடைக்கு இரண்டு கம்பெனி சிம் வைத்திருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் தண்ணீர் ஏறியபோது, கரண்டும் போய் போனும் அடங்கியதை இந்தப் பகுதி வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கம்பெனி அடங்கினாலும் இன்னொன்றில் பேச வழி இருக்க வேண்டும். அதுபோல, கியூ.ஆர். பணம் நேராக நம் வங்கிக் கணக்கில் விழும்படி வையுங்கள். 2024 ஜனவரியில் பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, அந்த பேங்கிலேயே கணக்கு வைத்திருந்த வியாபாரிகள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று.

மூன்று, வாடிக்கையாளர் பெயர், போன் எண், பற்றுக் கணக்கு ஆகியவை நம் நோட்டில் இருக்கட்டும். செயலியில் மட்டும் இருந்தால், அந்தச் செயலி கை மாறும் நாளில் நம் வாடிக்கையாளர் பட்டியலும் கை மாறும்.

நான்கு, சங்கமாகப் பேசுவோம். பெரிய இணைப்புகளுக்கு டில்லியில் உள்ள போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, வணிகர் சங்கங்களும் ஆணையத்திடம் புகார் தரலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. தனிக் கடைக்காரர் எழுதும் கடிதத்துக்கும் நூறு கடை சேர்ந்து எழுதும் கடிதத்துக்கும் வித்தியாசம் உண்டு. கமிஷனைத் திடீரென்று குறைத்தார்கள், ஒரு சரக்கை வாங்கினால்தான் இன்னொன்று தருவேன் என்றார்கள் என்றால், பில்லையும் குறுந்தகவலையும் பத்திரமாக வைத்துச் சங்கத்திடம் கொண்டு வாருங்கள்.

சேர்ந்து நின்றால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் அன்னியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் போவண்டோவை அன்று ஊரெல்லாம் கேட்டு வாங்கினார்கள். எந்தச் சரக்கு அலமாரியின் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதில் கடைக்காரருக்கும் ஒரு சொல் உண்டு என்பதை அந்த நாட்கள் காட்டின.

கம்பெனிகள் ஒன்று சேர்வதை நாம் தடுக்க முடியாது. அவர்கள் ஒன்று சேரும்போது நாம் தனித்தனியாக நிற்பதைத் தவிர்க்கலாம். வரும் மாதக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ரீசார்ஜ் கமிஷன் இரண்டு ஆண்டுக்கு முன் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வரும்படி கேட்டுக்கொள்கிறோம். பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.