முதலில் உப்பு, பிறகு கத்தி

பிறந்து நாலு வாரமான குழந்தை குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி அடிக்கிறது. ஸ்கேன் எடுத்தாயிற்று, பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்று உறுதியாயிற்று, ஆபரேஷன்தான் வழி என்றும் சொல்லியாயிற்று. அதன் பிறகும் டிரிப்ஸ் ஏற்றி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் காக்க வைக்கிறார்களே, ஏன்? பெற்றோர் பதறிக் கேட்கும் கேள்வி இது. அந்தக் காத்திருப்பைத் தாமதம் என்று நினைப்பது தவறு. சிகிச்சையின் பெரும்பாதி அதுதான்.

இரைப்பையின் கீழ்வாசலைச் சுற்றியுள்ள தசை வளையம் தடித்து, பால் இறங்கும் வழியை நெரிப்பதே நோய். பெரும்பாலும் 3 முதல் 6 வார வயதில் தொடங்கும்; பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சுமார் நாலு மடங்கு அதிகம். அடைப்பு, பித்தம் வந்து சேரும் இடத்துக்கு மேலே இருப்பதால் வாந்தியில் பச்சை நிறம் இராது. கக்கிய கையோடு குழந்தை மறுபடி பாலுக்கு அழும். மடியில் கிடத்திப் பால் புகட்டினால் இடது விலாவிலிருந்து வலப்பக்கமாகத் தோலுக்கடியில் ஓர் அலை மெல்ல உருண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். பொறுமையுள்ள மருத்துவரின் விரலுக்கு, சிறிய நாவற்பழம் போன்ற கட்டி வழுக்கிக்கொண்டு தட்டுப்படும். ஸ்கேனில் தசை 3 மி.மீ. தடிப்பையும் வாசலின் நீளம் 15 மி.மீட்டரையும் எட்டியிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

உள்ளே நடப்பதுதான் அதிசயம். இரைப்பைச் சுவர் அமிலத்தை உள்ளே சுரக்கும்போதெல்லாம் ஈடாகப் பைகார்பனேட் என்ற காரத்தை ரத்தத்துக்குள் விடுகிறது. அமிலம் குடலுக்கு இறங்கினால் கணையம் அந்தக் காரத்தைச் செலவழித்துக் கணக்கை நேர்செய்துவிடும். வாசல் அடைபட்டால் அமிலம் வாந்தியில் போய்விடும், காரம் ரத்தத்தில் தங்கிவிடும். மிஞ்சிய காரத்தைச் சிறுநீரகம் வெளியே கொட்ட வேண்டும். முதலில் அப்படித்தான் செய்கிறது. ஆனால் வாந்தி நீடித்து உடம்பு வறண்டதும் சிறுநீர் அமிலமாக மாறுகிறது! காரத்தில் தத்தளிக்கும் உடம்பு, கையிலிருக்கும் கொஞ்ச அமிலத்தையும் ஏன் விடுகிறது? சிறுநீரகத்தைப் பஞ்ச காலத்துக் குடும்பத் தலைவியாக நினைத்துப் பாருங்கள். உடம்பில் நீர் நிற்கச் சோடியம் வேண்டும், அதுதான் அரிசி. அரிசி வாங்கத் தேவையான ரேஷன் அட்டை குளோரைடு. அட்டை வாந்தியோடு போய்விட்டது, உலையோ கொதிக்கிறது. பொட்டாசியம் என்ற வளையலை அடகு வைத்து வெளிக்கடையில் அரிசி வாங்குகிறாள். வளையல் தீர்ந்துவரும்போது தாலிச் சங்கிலியும் போகிறது, அதுதான் ஹைட்ரஜன் அயனி. போதாததற்கு வெளிக்கடைக்காரர் அரிசியோடு வேண்டாத சரக்கையும் தலையில் கட்டுகிறார், அது பைகார்பனேட். தண்ணீரா, அமில-கார நிதானமா என்ற நிலை வந்தால் சிறுநீரகம் தண்ணீரையே காப்பாற்றுகிறது. டிரிப்ஸில் ஏறும் உப்புநீர் சோடியம் குளோரைடு, அதாவது அரிசியும் அட்டையும் சேர்ந்தே வீடு வந்து சேர்கின்றன. குழந்தை சிறுநீர் கழிக்கத் தொடங்கியதும் பொட்டாசியமும் சேர்த்து நகையை மீட்கிறார்கள். பிறகு மிஞ்சிய காரத்தைச் சிறுநீரகமே தள்ளிவிடும்.

இதைச் சரிசெய்யாமல் மயக்க மருந்து கொடுத்தால் என்ன? காரமேறிய ரத்தம் மூளையின் மூச்சு மையத்தை மந்தமாக்கும்; ஆபரேஷன் முடிந்த பிறகு குழந்தை மூச்சுவிட மறக்கலாம். அதனால்தான் குளோரைடு 100-ஐ எட்டி, பைகார்பனேட் 30-க்குக் கீழே இறங்கும்வரை பல மயக்கவியல் மருத்துவர்கள் சம்மதிப்பதில்லை. இப்போது சீக்கிரமே ஸ்கேன் எடுத்துவிடுவதால் பல குழந்தைகளுக்கு ரத்தம் கெடுவதே இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான், அவர்களைக் காக்க வைக்கத் தேவையில்லை. முடிவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை.

டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1888-ல் இந்த நோயை விவரித்தார். ஜெர்மானிய மருத்துவர் ராம்ஸ்டெட், தடித்த தசையை நீளவாக்கில் கீறி, உள்சவ்வைத் தொடாமல், தைக்காமல் விட்டுவிடும் முறையை 1912-ல் வெளியிட்டார். இன்றும் அதேதான். துளைவழி அறுவையை விளம்பரங்கள் புரட்சி என்கின்றன. 2009-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், முழுப்பால் குடிக்க ஆன நேரம் திறந்த முறையில் சுமார் 24 மணி, துளைவழியில் சுமார் 18½ மணி. நல்ல பலன்தான், ஆனால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். அட்ரோபின் மருந்தாலேயே குணமாக்கலாமே என்பாரும் உண்டு. ஜப்பானில் பல குழந்தைகள் அப்படித் தேறியிருக்கிறார்கள். ஆனால் சிகிச்சை நாள்கணக்கில் நீளும், எல்லோருக்கும் பலிப்பதில்லை. அறுவையோ ஏறத்தாழ எல்லோருக்கும் பலிக்கிறது.

பெரியவர்களுக்கு வருவது பெயரளவில்தான் இதே நோய். நாள்பட்ட குடற்புண் ஆறிய தழும்பு, அமிலம் குடித்த காயம், புற்றுநோய் ஆகியவை வாசலைச் சுருக்குகின்றன. முந்தின நாள் சாப்பிட்ட சோறு மறுநாள் வாந்தியில் வரும். உப்புக் கணக்கு கெடுவதும், முதலில் அதைச் சரிசெய்வதும் அப்படியே பொருந்தும். ராம்ஸ்டெட்டின் கீறல் மட்டும் உதவாது. எண்டோஸ்கோப்பியில் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றில்லை என்று உறுதிசெய்த பிறகே பலூனால் விரிப்பதா, மாற்றுப்பாதை அமைப்பதா என்ற பேச்சு. புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமி இருந்தால் அதையும் ஒழிக்க வேண்டும்.

நம் ஊரில் குழந்தை வாந்தி எடுத்தால் தொக்கம் எடுக்கவும் கிரைப் வாட்டர் புகட்டவும் ஓடுகிறோம். அந்த ஓரிரு நாளில்தான் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன. ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்து, மீண்டும் பசியில் அழுது, துணி நனைவது குறைந்தால் அன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி பச்சையாக இருந்தால் அது வேறு ஆபத்து. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.