"திரில்லர்" இசைத்தட்டில் கேட்பாரற்றுப் போன 2 பாடல்கள்

மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்" இசைத்தட்டு 1982-ம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 37 வாரங்கள் முதல் இடத்தில் இருந்து சாதனை படைத்தது.

அதில் மொத்தம் 9 பாடல்கள். அவற்றில் 7 பாடல்கள் தனித்தட்டுகளாகவும் வெளிவந்தன. ஏழும் அமெரிக்காவில் முதல் 10 இடங்களுக்குள் வந்தன. "பில்லி ஜீன்", "பீட் இட்" ஆகியவை மூலை முடுக்கெல்லாம் ஒலித்தன.

மீதி இரண்டு? "பேபி பி மைன்", "தி லேடி இன் மை லைப்". தனித்தட்டாக வரும் பாடலையே ரேடியோக்காரர்கள் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்த அதிர்ஷ்டம் இவற்றுக்கு இல்லை.

மீன் கம்பெனி ஊழியர்

இரண்டையும் எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராட் டெம்பர்ட்டன். "திரில்லர்" என்ற பாடலும் அவர் எழுதியதே. இளமையில் கிரிம்ஸ்பி என்ற துறைமுக ஊரில், உறைய வைத்த மீன் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பத்திரிகை விளம்பரம் பார்த்து "ஹீட்வேவ்" இசைக்குழுவில் சேர்ந்தார். 2016-ல் காலமானார்.

வெட்டு விழுந்தது

இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குப் பாட்டின் நேரம் கூடினால், கோடுகள் நெருங்கி ஒலி மெலிந்து விடும். "திரில்லர்" தட்டுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ் பாடல்களின் நீளத்தைக் குறைத்தார். "தி லேடி இன் மை லைப்" பாடலில் ஒரு சரணமே போயிற்று.

ஆனாலும் அந்தப் பாட்டு சாகவில்லை. 1995-ல் எல்.எல்.கூல் ஜே என்ற பாடகர், அதன் இசையை எடுத்து "ஹே லவர்" பாடலை அமைத்தார். அது அமெரிக்காவில் 3-வது இடத்தைப் பிடித்தது. "கிராமி" பரிசும் பெற்றது.

எப்படிக் கேட்பது?

கேசட் காலத்தில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமானால் நாடாவை ஓட்டிப் பார்த்துப் பார்த்து நிறுத்த வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்தே பலர் எல்லாப் பாட்டையும் கேட்டார்கள். இன்று செல்போனில் விரல் நேராக "பில்லி ஜீன்" பாடலுக்குப் போய் விடுகிறது.

"பேபி பி மைன்" துள்ளலான பாட்டு. "தி லேடி இன் மை லைப்" மெல்ல நடக்கும் காதல் பாட்டு. கடைசிப் பகுதியில் ஜாக்சன் வார்த்தைகளைக் குறைத்துக் கொண்டு, குரலாலேயே கொஞ்சிக் கெஞ்சுவார். வேலை முடிந்து வந்த இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க ஏற்றது. ஐந்தே நிமிடம்தான்.