தாழப் பறந்தால் கம்பி! உயரப் பறந்தால் விஷம்!!
ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கும் ஆபத்தான வேலை

புதுச்சேரி,
பாகூர் பக்கம் போனால் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். அது வயலுக்கு வயல், மோட்டார் கொட்டகைக்கு கொட்டகை குறுக்கும் நெடுக்கும் ஓடும் மின்சாரக் கம்பி.

இந்தக் கம்பிதான், பயிருக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர்களுக்கு உலகம் முழுவதும் எமன்!

"ஆகாயத்திலே போற ஹெலிகாப்டர் கம்பியிலே எப்படிப்பா மாட்டும்?" என்று கேட்கலாம். மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர் ஆகாயத்தில் போவதில்லை. பயிரின் தலைக்கு மேல் சில அடி உயரத்தில் போகிறது. அப்போதுதான் மேலே சுற்றும் விசிறியின் காற்று மருந்தைக் கீழே அழுத்தும். இலையின் அடிப்பக்கம் வரை ஒட்டும்.

கண்ணுக்குத் தெரியாது

வயலின் கடைசிக்குப் போனதும் சட்டென்று மேலே ஏறி, திரும்பி, மறுபடி இறங்க வேண்டும். ஒரு காலை வேளையில் இதையே எத்தனையோ தடவை செய்ய வேண்டும். காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும்தான் தெளிப்பு நடக்கும். அந்த நேரத்தில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். விமானிக்குக் கம்பம் தெரியும், கம்பி தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி எங்கே போகிறது என்று அவர் கணக்குப் போட வேண்டும். கணக்கு தப்பினால், ஆள் தப்புவது கஷ்டம். இதற்காகவே சில ஹெலிகாப்டர்களின் மூக்கில் கம்பியை வெட்டும் கத்தி பொருத்தி இருக்கிறார்கள்.

என்ஜின் கோளாறு இன்னொரு ஆபத்து. உயரத்தில் இருக்கும்போது என்ஜின் நின்றால், விசிறி காற்றிலேயே சுற்றும். அதை வைத்து மெல்லத் தரை இறக்கி விடலாம். தென்னை மர உயரத்தில், வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போது நின்றால்? யோசிக்கவே நேரம் இல்லை!

பெங்களூரில் தயாரான 'சேத்தக்' ஹெலிகாப்டருக்கு ஒரே என்ஜின்தான். அது பிரெஞ்சுக்காரர்களின் 'அலுவெத்' ரகம். அலுவெத் என்றால் வானம்பாடி என்பது புதுவையில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்குத் தெரியும்.

2020-ல் ராஜஸ்தானில் வெட்டுக்கிளி படையெடுத்தபோது, பார்மர் மாவட்டம் உத்தர்லாய் விமானப்படைத் தளத்துக்கு வந்த 'பெல் 206' ஹெலிகாப்டருக்கும் ஒரே என்ஜின், ஒரே விமானி. ஒரு தடவைக்கு 250 லிட்டர் மருந்து. 25 முதல் 50 எக்டேர் வரை தெளிப்பு. பாலைவனம் என்பதால் வீடு வாசல் குறைவு.

காசர்கோட்டில் நடந்தது

வீடு வாசல் நிறைந்த இடத்தில் தெளித்தால் என்ன ஆகும்?

நம் மாகேயில் ரெயில் ஏறி வடக்கே போனால் தலச்சேரி, கண்ணூர் தாண்டி காசர்கோடு வரும். அங்கே கேரள அரசின் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்கள், சுமார் 4,600 எக்டேர். தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிக்க 'எண்டோசல்பான்' மருந்தை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். ஆண்டுக்கு 2, 3 தடவை. 1970-களின் கடைசியில் தொடங்கி 2000 வரை!

மரத்தின் உச்சிக்கு மேல் 2, 3 மீட்டரில் பறந்து தெளிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது மேடும் பள்ளமுமான மலைப்பகுதி. உயர் அழுத்த மின்கம்பிகள் வேறு. தாழப் பறந்தால் விமானி உயிருக்கு உலை. அதனால் ஹெலிகாப்டர் உயரத்திலேயே பறந்தது. மருந்து காற்றோடு போனது. கிணற்றில் விழுந்தது, ஓடையில் கலந்தது, கூரையில் படிந்தது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வெளியே ஓடி வந்தார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

ஹெலிகாப்டர் விழவில்லை. கீழே இருந்தவர்கள்தான் விழுந்தார்கள். பிறவிக் கோளாறு, மூளை வளர்ச்சிக் குறைவு, வலிப்பு என்று கிராமம் கிராமமாகப் பேச்சு கிளம்பியது. "மருந்தால்தான் என்று எப்படிச் சொல்வது?" என்று ஒரு தரப்பு வாதாடிக்கொண்டே இருந்தது.

வழக்குப் போட்ட பெண்

அரசு வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா என்ற பெண் 1998-ல் கோர்ட்டுக்குப் போனார். பூச்சிமருந்து பற்றித் தெரிந்த இலாகாவில் இருந்துகொண்டே அதற்கு எதிராக வழக்கு! சாதாரண துணிச்சல் அல்ல. 2000-ல் கோர்ட்டு தடை விதித்தது. ஹெலிகாப்டர் தெளிப்பு நின்றது. 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் அந்த மருந்துக்கே தடை போட்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ரூ.5 லட்சம் 3 மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 5 ஆண்டு கழித்து, 2022 மே மாதம் வழக்கு மீண்டும் வந்தபோது 3,704 பேரில் பணம் பெற்றிருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

எட்டே பேர்! அதுவும், கோர்ட்டுப் படி ஏறியவர்கள்.

நீதிபதிகள் கோபம் அடைந்தார்கள். கேரளத் தலைமைச் செயலாளர் மாதந்தோறும் கூட்டம் போட்டு, யார் யாருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.