ஜூ டவுனும் கணக்கீட்டு அறிவியலும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் ஜூ டவுன் என்னும் குறுகிய தெரு உள்ளது. அதன் ஒரு முனையில், 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் நிற்கிறது. ஆலயத்தை ஒட்டி எழும் மணிக்கூண்டை 1760ஆம் ஆண்டளவில் எசெக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகர் கட்டுவித்தார். அதன் ஒரு முகத்தில் ரோம எண்கள் உள்ளன. மற்றொரு முகத்தில் எபிரேய எழுத்துகள். இன்னொன்றில் பழைய தமிழ் எண்களுக்கு உறவான மலையாள எண்கள். குறிகள் வேறுபட்டாலும் அவை காட்டும் நேரம் ஒன்றே.

தெருவின் கிழக்கே சில அடி தொலைவில் உள்ள காயலோ வேறொரு கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. கடல்நீர் கொச்சி முகத்துவாரம் வழியே உள்ளே வந்து ஏறுகிறது, பின்னர் வடிகிறது. தமிழில் இதனை ஓதம் என்பர். நீர் ஏறுவதைக் கேரளத்தார் வேலியேற்றம் என்பர். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிகிறது. எனவே இன்று காலை ஆறு மணிக்கு நீர் உச்சத்தைத் தொட்டால், நாளைக் காலை ஏறத்தாழ 6.50க்குத்தான் தொடும். மணிக்கூண்டு சூரியனுக்கு உரியது. காயல் பெரும்பாலும் நிலவுக்கு உரியது.

கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதன்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. ஆயினும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் சற்றே கூடுதலாக ஏறும்போது, கொச்சியைச் சுற்றிய தாழ்வான கரைகளில் உப்புநீர் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. கும்பளங்கி, எழிக்கரை முதலிய ஊர்களில் இது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன துன்பம். நீர் வடிந்த பின்னும் உப்பு சுவரில் தங்கிப் பூச்சை உதிர்க்கிறது. அங்கு வாழ்பவருக்கு எழும் கேள்வி எளியது: நாளை நீர் வாசற்படிவரை வருமா? எத்தனை மணிக்கு வரும்? இத்தகைய கேள்விகளை எண்களாக மாற்றி விடை காணும் கலையே பல்கலைக்கழகங்களில் ‘கணக்கீட்டு அறிவியலும் பொறியியலும்’ என்னும் பெயரில் கற்பிக்கப்படுகிறது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கணக்கீட்டு அறிவியலுக்கும் தரவு அறிவியலுக்கும் உரிய தனித்துறையே உள்ளது.

கணினி தோன்றுவதற்கு முன்பே இந்தக் கலை தொடங்கிவிட்டது. நிலவின் இழுப்பு, சூரியனின் இழுப்பு, அவற்றின் பாதைகளில் உண்டாகும் சிறு மாற்றங்கள் ஆகிய ஒவ்வொன்றும் நீரில் தனித்தனி அலையை எழுப்புவதாகக் கொள்ளலாம். அவ்வலைகளைக் கூட்டினால் ஒரு துறைமுகத்தின் ஓதம் கிடைக்கும். 1872ஆம் ஆண்டளவில் வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர் இக்கூட்டலைச் செய்யப் பற்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட பொறி ஒன்றை அமைத்தார். இவரே பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர். அதைவிடப் பெரிய பொறி ஒன்று 1879ஆம் ஆண்டில் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே இலண்டனில் செய்யப்பட்டது. இன்று இந்திய நில அளவைத் துறை ஒவ்வோர் ஆண்டும் ஓத அட்டவணைகளை வெளியிடுகிறது.

ஆனால் அட்டவணை துறைமுகத்தில் உள்ள ஓர் இடத்தின் நீர்மட்டத்தை மட்டுமே கூறும். அங்கிருந்து நீர் எந்தக் கால்வாயில் திரும்பும், எந்தத் தெருவில் ஏறும் என்பதை அது கூறாது. கரையையோ ஆழத்தையோ மனிதர் மாற்றினால் என்ன நேரும் என்பதையும் கூறாது. கொச்சியில் அத்தகைய பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது. இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் 1920ஆம் ஆண்டில் இங்கு வந்தார். முகத்துவாரத்தில் கப்பல்களைத் தடுத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி செய்தார். தோண்டி எடுத்த மண்ணைக் கொண்டு காயலின் நடுவே வில்லிங்டன் தீவு உருவாயிற்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டனின் பெயரை அது தாங்கியுள்ளது. 1928ஆம் ஆண்டு மே மாதம் ‘பத்மா’ என்னும் கப்பல் புதிய துறைமுகத்திற்குள் நுழைந்தது. திட்டை வெட்டினால் வைப்பின் கரையைக் கடல் அரிக்குமோ என்ற அச்சம் அன்று இருந்தது. கடலை ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டு, பிழையானால் பழையபடி ஆக்கிவிட முடியாது. கணக்கீட்டு அறிவியலின் தேவை இங்கேதான் பிறக்கிறது: உண்மைக் காயலைத் தொடாமல், எண்களால் ஆன காயலில் முதலில் வெட்டிப் பார்க்கலாம்.

எண்களால் ஆன காயலை எவ்வாறு அமைப்பது? யூத ஆலயத்தின் தரையை நினைத்துப் பார்த்தால் வழி புலப்படும். அத்தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் தீட்டப்பட்ட நீலவெண் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. காயலின் வரைபடத்தையும் அவ்வாறே சதுர ஓடுகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வோர் ஓட்டிற்கும் ஆழம், நீர்மட்டம், நீரோட்டம் ஆகிய எண்களைத் தரவேண்டும். பிறகு ஒரே ஒரு விதி: ஓர் ஓடு தன்னைத் தொட்டு நிற்கும் ஓடுகளை மட்டுமே பார்க்கும். தொலைவில் உள்ள கடலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அண்டை ஓட்டின் வழியாகவே அச்செய்தி அதனை வந்தடையும்.

இவ்விதியின் ஆற்றலை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஜூ டவுனில் மிளகும் சுக்கும் அடுக்கிய பழைய கிடங்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் தடித்த சுவரை எடுத்துக்கொள்வோம். வெயில் படும் வெளிப்புறம் 40 பாகை, உட்புறம் 28 பாகை என்று இருக்கட்டும். சுவரின் உள்ளே சம இடைவெளியில் மூன்று புள்ளிகளைக் குறிக்கவேண்டும். வெப்பம் நிலைபெற்ற பின், ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் இருபக்க அண்டைப் புள்ளிகளின் சராசரியாக இருக்கும். தொடக்கத்தில் மூன்றுக்கும் 28 என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சராசரியைக் கண்டு மாற்றி எழுதவேண்டும். முதற் சுற்றில் 34, 28, 28 வரும். இரண்டாம் சுற்றில் 34, 31, 28. மூன்றாம் சுற்றில் 35.5, 31, 29.5. வெப்பம் அண்டைக்கு அண்டை நகர்வதைத் தாளிலேயே காணலாம். ஏழாம் சுற்றில் ஏறத்தாழ 36.6, 33.3, 30.6 ஆகிறது. இருபது சுற்றுகளில் எண்கள் 37, 34, 31 என்ற சரியான விடைக்கு மிக அருகில் வந்து நிற்கின்றன.

பொறுமை இருந்தால் நான்காம் வகுப்பு மாணவரும் இதைச் செய்யலாம். ஆனால் புள்ளிகள் மூன்று அன்றி மூன்று இலட்சம் என்றால் கணினி வேண்டும். ‘ஒரு புள்ளியின் இருமடங்கிலிருந்து அண்டை இரண்டையும் கழித்தால் சுழியம்’ என்று விதியை மாற்றி எழுதினால், 2, -1 என்னும் எண்கள் திரும்பத் திரும்ப வரும் ஓர் அணி கிடைக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கில்பர்ட் ஸ்டிராங் என்னும் பேராசிரியர் பல்லாண்டுகள் நடத்திய அறிமுக வகுப்பு இந்த அணியிலிருந்தே தொடங்கியது. சுவரின் வெப்பமும், இழுத்துக் கட்டிய கம்பியின் வளைவும், பாலத்தின் தாங்குதிறனும் அதே அணியின் வேறுவேறு முகங்கள் என்று அவ்வகுப்பு காட்டியது.

நீர் சுவரைப் போல ஓரிடத்தில் நிலைபெறுவதில்லை. எனவே நேரத்தையும் சிறு அடிகளாகப் பிரிக்கவேண்டும். இங்கு ஒரு பொறி காத்திருக்கிறது. பத்து மீட்டர் ஆழமுள்ள நீரில் நீண்ட அலை நொடிக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் செல்லும். ஓட்டின் அகலம் நூறு மீட்டர் என்றால், அலை ஓர் ஓட்டைக் கடக்கப் பத்து நொடி ஆகும். வேலை விரைவில் முடியட்டும் என்று ஒருவர் முப்பது நொடிக்கு ஒருமுறை மட்டும் கணக்கிட்டால், அலை மூன்று ஓடுகளைத் தாண்டியிருக்கும். ஓடுகளோ அண்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது எண்கள் வெறிகொண்டு வளரும்; சில நிமிடங்களில் கணினியில் உள்ள காயல் மலையளவு எழுந்துவிடும். எளிய கணக்கு முறைகளுக்கு உரிய இந்த எல்லையைக் கூரான்ட், பிரீடிரிக்ஸ், லெவி ஆகிய மூன்று கணித அறிஞர்கள் கண்டுரைத்தனர். அவர்களின் கட்டுரை வெளிவந்ததும் ‘பத்மா’ கப்பல் நுழைந்த அதே 1928ஆம் ஆண்டில்தான்.

எண்கள் மலையாக எழுந்தால் பிழை எவருக்கும் தெரியும். அழகாகவும் நம்பத்தக்கதாகவும் தோன்றும் தவறான விடையே ஆபத்தானது. ஆகவே தேர்ந்த ஆசிரியர்கள் இருவகைச் சோதனைகளை வற்புறுத்துவர். முதலாவது, ஓட்டின் அகலத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் கணக்கிடுதல். விடை பெரிதும் மாறினால் முந்தைய விடையை நம்பலாகாது. இரண்டாவது, உண்மைக் காயலுடன் ஒப்பிடுதல். கொச்சியில் 1939ஆம் ஆண்டு முதல் கடல்மட்டம் அளந்து பதிவு செய்யப்பட்டு வருகிறது. சென்ற ஆண்டின் ஓதத்தையே சரியாகக் கூறாத கணக்கு, அடுத்த ஆண்டின் ஓதத்தைக் கூறத் தகுதியற்றது.

திறந்த கடற்கரையில் இம்முறை இன்று உயிர் காக்கிறது. உள்ளூரில் காற்றே வீசாதபோதும் திடீரெனப் பேரலைகள் கரையேறுவதைக் கேரள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்பர். அவ்வலைகள் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்களால் பிறந்து, சில நாள் பயணம் செய்து இங்கு வருகின்றன. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அவற்றின் பயணத்தைக் கடல்முழுதும் விரித்த கட்டங்களில் கணக்கிட்டு முன்னெச்சரிக்கை தருகிறது.

ஜூ டவுன் காயலின் உட்கரையில் இருப்பதால் கள்ளக்கடல் நேராக அதனைத் தாக்குவதில்லை. ஆனால் அதன் கணக்கில் வேறு சிக்கல்கள் உண்டு. மழைக்காலத்தில் பெரியாறும் பிற ஆறுகளும் கொண்டுவரும் வெள்ளம் ஓதத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. தெற்கே வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே, உப்புநீர் வயல்களை அடையாதிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை உள்ளது. அதன் மதகுகள் மூடப்பட்டால் ஓதம் உள்ளே செல்லும் வழி குறைகிறது. குப்பையால் அடைபட்ட ஒரு சிறு கால்வாய்கூட விடையை மாற்றும். அக்கால்வாய் எந்த வரைபடத்திலும் அடைபட்டதாகக் குறிக்கப்பட்டிருக்காது. மாணவர் கணினியை விட்டு எழுந்து, தெருவில் இறங்கி, சென்ற மாதம் நீர் எந்தப் படிவரை வந்தது என்று அங்குள்ள ஒருவரைக் கேட்கவேண்டியிருக்கும்.