பூட்டன் பெயர் என்ன?

எங்கள் மூத்த மகன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். மரம் ஒன்று கீறி, கிளைகளில் பெட்டிகள் போட்டிருந்தது. ஜேர்மன் மொழியில் 'ஸ்டம்பௌம்' என்கிறார்கள், குடும்ப மரம். அவனுக்கு ஒரு பெட்டி, எங்களுக்கு இரண்டு, இரு பக்கத்து அப்பப்பா அம்மம்மாமாருக்கு நான்கு. அதற்கு மேலே பூட்டன், பூட்டிமாருக்கு எட்டு. அந்த எட்டும் வெறுமை.

"அப்பா, உங்கட அப்பப்பாவின்ர பேர் உங்களுக்கே தெரியாதா?" என்றான்.

எங்கள் தந்தையாரின் பெயருக்கு முன்னால் 'மு.' என்று ஓர் எழுத்து உண்டு. அது முருகேசுவா, முத்தையாவா? ஊரில் அவரைப் பட்டப்பெயரால் அழைத்ததைத்தான் கேட்டிருக்கிறோம். தந்தையார் இப்போது இல்லை. பத்திரங்கள் இருந்த றங்குப்பெட்டி 2009இல் வன்னியில் ஏதோ ஒரு பங்கருக்குள் விடுபட்டுப் போயிற்று. உங்களில் பலருக்கும் இதே கதைதான்.

சுவிஸ்காரருக்கு இது இலகு. ஒவ்வொரு குடிமகனுக்கும் 'ஹைமாட்ஓர்ட்' என்று ஒரு பூர்வீக ஊர் உண்டு. அவர்களுடைய கடவுச்சீட்டில் பிறந்த இடம் இராது, அந்த ஊர்தான் இருக்கும். சிலர் அதைக் கண்ணாலும் கண்டிரார். 1876 முதல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை அரசாங்கம் வைத்து வருகிறது. அதற்கு முந்தியவை தேவாலய ஏடுகளில் உண்டு. 1962இல் சுவிஸ் ஊர்களில் குடியுரிமை பெற்றிருந்த குடும்பங்களின் பெயர்களையெல்லாம் அடக்கிய ஒரு நூலும் இருக்கிறது. அதில் நம் பெயர் எப்படி இருக்கும்? நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே! தகப்பன் பெயரை இங்கே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். கனடாவிலுள்ள தம்பிக்கும் அதே பெயர்தான், ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வேறு. தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

நகர நூலகத்துக்குப் போக முதலில் கூச்சமாக இருந்தது. படிப்பு சாதாரண தரத்தோடு நின்றது, டொச்சும் அரைகுறை. ஆனால் அங்கே இருந்து வாசிக்க ஒருவரும் காசு கேட்கவில்லை. வேலை முடிந்து எண்ணெய் மணத்தோடு போன நாளிலும் அங்குள்ள பெண்மணி முகம் சுளிக்கவில்லை. கணினியைத் திறந்து, நாற்காலியும் இழுத்துத் தந்தார். மகன் மொழிபெயர்த்தான்.

நமக்குப் பயன்பட்டது 'நூலகம்' என்ற இணைய நூலகம். 2005இல் தொடங்கியது. ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், ஊர் மலர்கள் எல்லாவற்றையும் இலவசமாக வாசிக்கலாம். 1981 மே 31 இரவு தீ வைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதை நினைத்துக்கொண்டு இதைத் திறந்தால் கை கொஞ்சம் நடுங்கும்.

அதில் நினைவு மலர்களும் இருக்கின்றன. ஊரில் 'கல்வெட்டு' என்போமே, அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுப்பது. தேவாரத்தைப் புரட்டிவிட்டு எங்கேயாவது செருகி வைத்திருப்போம். பலவற்றின் உள்ளே மூன்று நான்கு தலைமுறை, கொண்டான் கொடுத்தான் வரை எழுதியிருக்கும்.

ஆனால் கல்வெட்டு அடிக்கக் காசு வேண்டும். எங்கள் அப்பப்பா தோட்டக்கூலி. அவருக்கு யார் அடித்தார்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். வம்சம் தேடுகிறோம் என்று தொடங்கிச் சாதி தேடுவதில் முடிக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளையின் தாளில் அதற்குப் பெட்டி இல்லை.

கடைசியில் ஊரிலிருக்கும் அம்மாதான் வழி திறந்தார். பிரதேச செயலகத்துக்குப் போய்த் தந்தையாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். தகப்பன் பெயர்: முருகேசு! அந்தப் பழைய படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்றும் ஒரு கூடு உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் பிறந்த இடமெல்லாம் கேட்டு, மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. அப்படிப்பட்ட கேள்வி இன்று எங்கள் மகனுக்கு ஒரு தலைமுறை கூடுதலாகக் கொடுத்தது. உங்கள் பத்திரத்திலும் அந்தக் கூட்டைப் பாருங்கள்.

பெயர் கிடைத்த பிறகு ஊர் வாசிகசாலையின் பழைய மலரைத் திரும்பத் திறந்தோம். முன்பு இரண்டு முறை பார்த்ததுதான். கட்டடத்துக்கு உதவியோர் பட்டியலில், காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் கீழே, ஒரு வரி: முருகேசு, கூரைக்கு இரண்டு பனை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பட்டப்பெயர். அவருக்குக் கையெழுத்துப் போடவும் வராது என்று அம்மா சொல்லியிருந்தார்.

மகன் பெட்டியில் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் இரண்டு பனைமரம் கீறினான். ஆசிரியை அது என்ன மரம் என்று கேட்டாராம்.

இன்னும் நான்கு பெட்டி வெறுமை. அம்மம்மாவைப் பெற்றவரின் பெயர் அம்மாவுக்கும் நினைவில்லை; ஊரில் தொண்ணூறு வயதில் ஒரு பெரியம்மா இருக்கிறாராம், காது மந்தம். ஞாயிறு காலை அவருக்குத் தொலைபேசி எடுக்கப் போகிறோம். பக்கத்தில் இருந்து உரத்துச் சொல்ல ஒரு பெடியனை ஒழுங்கு செய்தாயிற்று.