சொந்த வாகனம் இல்லாதவர்கள் சிகிச்சைக்குச் செல்வது எப்படி?

டயாலிசிஸ் ஒருமுறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே, அடுத்த சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே பயணத்தையும் திட்டமிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து பேருந்து வந்துசேரும் நேரத்தைக் கூறி, அதற்கேற்ற நேரத்தைக் கேளுங்கள்.

பேருந்து: தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒருவருக்கும் இச்சலுகை உண்டு.

இரயில்: சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிகளுக்கும் டயாலிசிஸ் பெறுவோருக்கும், துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. உரிய படிவத்தில் மருத்துவரின் சான்று பெற்று, பயணச்சீட்டு வழங்குமிடத்தில் அளிக்க வேண்டும்.

தாய்–சேய்: அரசு மருத்துவமனையில் மகப்பேறு முடிந்து வீடு திரும்ப, 102 ஊர்தி இலவசமாகக் கிடைக்கும்.

வீட்டிலிருந்தே: இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. நேரில் பரிசோதிக்கத் தேவையற்ற ஆலோசனைகளை இ-சஞ்சீவனி வழியே பெறலாம்.

டயாலிசிஸ் முடிந்தபின் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றல் ஏற்படலாம். தனியே திரும்பாமல், ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வர இயலாத நிலை ஏற்பட்டால், உடனே சிகிச்சைப் பிரிவுக்குத் தெரிவித்து மாற்று நேரம் பெறுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் பேருந்துக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அது அவசர நிலைக்கு உரியது. வழக்கமான பரிசோதனைப் பயணத்திற்கு அன்று.